கடைசியாகக் கூப்பிட்ட பெயர்

வெள்ளிக்கிழமை பின்னேரம், வேலை முடிந்து பெண்கள் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், நிமேஷ் சேர் றிஸ்பாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நங்கி, திங்கட்கிழமை கொஞ்சப் பேரை வேலையால் நிறுத்தப்போகிறோம்," என்று சிங்களத்தில் சொன்னார். நங்கி என்றால் தங்கச்சி; எப்போதும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். தைக்க வரும் ஓடர் குறைந்துவிட்டது, கொழும்பிலிருந்து முடிவு வந்துவிட்டது, தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மரியாதையாகச் சொல்லவேண்டும். அவர் சொல்வதை அவள் தமிழில் சொல்லவேண்டும். அதுவரை ஒருவருக்கும் ஒரு வார்த்தை போகக் கூடாது.

"ஆரார், சேர்?" என்று கேட்டாள்.

"திங்கள் தெரியும். உங்களை நம்பித்தான் முதலிலேயே சொல்கிறேன்."

விசுவமடுவுக்குக் கிட்ட, பிரதான வீதியோரத்தில் இருந்த அந்தக் காமன்றில், உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில், றிஸ்பாவின் வேலைக்கு எழுத்தில் வேறு பெயர் இருந்தது. உண்மையில் அவள் இரண்டு மொழிகளுக்கு நடுவில் நின்றாள். மேலதிகாரிகளுக்குத் தமிழ் தெரியாது. தைக்கிற பெண்களில் பெரும்பாலானோருக்குச் சிங்களம் தெரியாது. றிஸ்பாவின் வாப்பாவும் உம்மாவும் தங்கள் ஊரான நீராவிப்பிட்டியை விட்டுப் போர்க்காலத்தில் துரத்தப்பட்டுப் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்த காலத்தில் பிறந்தவள் அவள். சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி, சிங்களக் கடையில் கணக்குப் பார்த்து, அந்த மொழி அவளுக்குத் தானாக வந்தது. ஊருக்குத் திரும்பி வந்தபோது அது ஒரு உத்தியோகமாக மாறும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

நிமேஷ் சேர் லைனில் வந்து கோபமாகக் கத்தினால், "சேர் கொஞ்சம் கெதியாச் செய்யட்டாம்," என்று மட்டும் சொல்வாள். பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதும் சொன்னால், "முயற்சி செய்கிறார்களாம், சேர்," என்பாள். அதனால் அங்கே பெரிய சண்டை ஒன்றும் வந்ததில்லை. சாப்பாட்டு மண்டபச் சுவரில் 'நாங்கள் ஒரே குடும்பம்' என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தது. தமிழில் அதை எழுதிக் கொடுத்ததும் அவள்தான்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. அன்று றிஸ்பா சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகவில்லை. வயிற்றுக்குச் சரியில்லை என்று கந்தோருக்குள்ளேயே தன் எழுத்து மேசையில் இருந்தாள். வேலை முடிகிற நேரம் பத்மாசனி அவளைத் தேடிக்கொண்டு கந்தோர் வாசலுக்கு வந்துவிட்டாள்.

பத்மாசனி வட்டக்கச்சியைச் சேர்ந்தவள். காமன்ற் திறந்த காலத்திலிருந்து கொலர் தைத்து வருகிறவள். றிஸ்பாவை விட எவ்வளவோ மூத்தவள். றிஸ்பா வேலைக்கு வந்த புதிதில், ஒரே ஒரு முஸ்லிம் பிள்ளை தனியாக மேசை மூலையில் இருப்பதைக் கண்டு, தன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தவள் அவள்தான். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு சேர்ந்துதான்.

"றிஸ்பா, உம்மட்ட ஒண்டு கேக்கோணும்," என்றாள். "கிளிநொச்சியில ஒரு விடுதியில சமையலுக்கு ஆள் தேடினம். என்ர மச்சாள் சொல்லி வைச்சிருக்கிறா. நாளைக்கு முடிவு சொல்லோணுமாம். போகவோ, இஞ்சயே இருக்கவோ? எனக்கு இஞ்ச பழகிப்போச்சு. ஆனா ஓடர் குறையுது எண்டும் கதைக்கினம். நீர் கந்தோருக்குள்ள இருக்கிறீர். உமக்குத் தெரியுந்தானே?"

கண்ணாடிக்கு அப்பால் நிமேஷ் சேர் போனில் பேசிக்கொண்டிருந்தார். நிற்பாட்டப்போகிறவர்களில் பத்மாசனி இருப்பாள் என்று தெரியாது. இல்லாமலும் போகலாம். இவ்வளவு கால அனுபவமுள்ள ஆளை நிற்பாட்டுவார்களா? தான் வாயைத் திறந்து, அது வெளியே போய், பிறகு தன்னையே நிற்பாட்டினால்?

"அது உங்கட விருப்பம், அக்கா," என்றாள். "எனக்கு என்ன தெரியும்."

பத்மாசனி அவளுடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, அப்ப இருப்பம்," என்று சிரித்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலையில் நிமேஷ் சேர் றிஸ்பாவின் போனை வாங்கி, சின்னக் கூட்ட அறை மேசையின் லாச்சிக்குள் வைத்து மூடினார். அந்த அறையில் இரண்டு கதிரை ஒரு பக்கமும் ஒரு கதிரை எதிர்ப்பக்கமும் போட்டிருந்தது. மேசையில் தண்ணீர்ப் போத்தலும் கண் துடைக்க ஒரு ரிசுப் பெட்டியும். நிமேஷ் சேர் மடிக்கணினியைப் பார்த்து ஒவ்வொரு பெயராகச் சொல்ல, வாசலில் நின்ற பாதுகாப்பு ஊழியர் பிரதீபன் போய்க் கூட்டி வந்தான்.

முதலில் வந்த பிள்ளை, தனக்கு ஏதோ பரிசு கிடைக்கப்போகிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்து இருந்தாள். ஓடர் குறைந்துவிட்டது, மிச்ச ஆட்களைக் காப்பாற்றச் சிலரை நிறுத்துகிறோம் என்று நிமேஷ் சேர் இரண்டு வசனம் சொன்னார். றிஸ்பா அதைத் தமிழில் சொன்னாள். பிள்ளையின் சிரிப்பு உடனே போகவில்லை. அது முகத்தில் அப்படியே நின்றது.

"அப்ப அக்கா, நான் இப்ப போய் அந்தப் பொக்கற்றைத் தைச்சு முடிக்கவோ?" என்று கேட்டாள்.

"இல்லை, தங்கச்சி. மெஷினடிக்குத் திரும்பிப் போக ஏலாது. உங்கட பையைப் பிரதீபன் எடுத்துத் தருவார்."

"பாதியில கிடக்குது, அக்கா."

"பரவாயில்லை."

ஒருத்தி கதிரையை விட்டு எழும்ப மறுத்தாள். ஒருத்தி, "என்ன பிழை விட்டனான்? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ," என்றாள். றிஸ்பா கேட்டாள். பிழை ஒன்றும் இல்லை என்று நிமேஷ் சேர் சொன்னார். அதைச் சொன்னதும் அவள் இன்னும் கூட அழுதாள். பிழை ஒன்று இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும் போல.

றிஸ்பாவுக்குத் தன் குரல் எங்கோ தூரத்திலிருந்து கேட்பது போல இருந்தது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு நிமேஷ் சேர் சொல்லி முடிக்கும் முன்பே அவள் வாய் தமிழில் தொடங்கிவிட்டது. எல்லாருக்கும் ஒரே வசனம்தானே.

பிறகு அவர் பத்மாசனியின் பெயரைச் சொன்னார்.

பத்மாசனி உள்ளே வந்து மேசையைப் பார்த்தாள், ரிசுப் பெட்டியைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. நிமேஷ் சேர் பேசி முடிக்கும் வரைக்கும் அவர் பக்கம் திரும்பவே இல்லை. றிஸ்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். றிஸ்பா தமிழில் சொல்லத் தொடங்கினாள். "பத்மாக்கா, நிறுவனத்துக்கு ஓடர் குறைஞ்சதால..." அதற்கு மேல் வரவில்லை. நிமேஷ் சேர் தண்ணீர்ப் போத்தலை அவள் பக்கம் தள்ளினார்.

"வேண்டாம், சொல்லாதையும்," என்றாள் பத்மாசனி. "கழுத்தில கிடக்கிற அட்டையைக் கழட்டோணும், அவ்வளவுதானே?" கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

இன்னும் சிலர் வந்தார்கள், போனார்கள். கடைசியில் நிமேஷ் சேர் மடிக்கணினியை மூடினார். தண்ணீர் குடித்தார். கண்களைக் கசக்கிக்கொண்டார்.

"கடைசி ஆள் நீங்கள்தான், நங்கி," என்றார்.

றிஸ்பா தலையாட்டினாள். எதிரே இருந்த கதிரைப் பக்கம் திரும்பி, காலையிலிருந்து சொன்ன அதே குரலில் தமிழில் சொன்னாள்: "கடைசி ஆள் நீங்கள்தான், தங்கச்சி."

கதிரையில் ஒருவரும் இல்லை.

அவள் அந்த வெறுங்கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வாயிலிருந்து வந்த சொற்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்து காதுக்குள் நுழைந்தன. நிமேஷ் சேர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்கள் குறைந்தால் கந்தோருக்கும் ஆட்கள் தேவையில்லை, கொழும்பு அப்படித்தான் சொன்னது, தான் எவ்வளவோ பேசிப் பார்த்தாராம். சிங்களம் அவளுக்கு முதன்முறையாக விளங்காத பாஷை மாதிரி இருந்தது.

"வெள்ளிக்கிழமை உங்களுக்குத் தெரியுமா, சேர்?" என்று கேட்டாள்.

அவர் லாச்சியைத் திறந்து அவளுடைய போனை எடுத்து நீட்டினார்.

பின்பக்க வாசல் படலையில் பிரதீபன் அவளுடைய பையைத் திறந்து பார்த்தான். மற்ற எல்லாருடைய பைகளையும் பார்த்தது போலத்தான். தினமும் காலையில் "குட்மோர்ணிங் மிஸ்" என்று எழும்பி நிற்கிறவன். இப்போது குனிந்த தலை நிமிரவில்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ மிஸ், சொல்லியிருக்கினம்," என்றான். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான்.

வெளியே வீதியோர வாகை மரத்தின் கீழ் எல்லாப் பெண்களும் நின்றார்கள். கொம்பனி பஸ் பின்னேரம்தான் வரும். போக்கிடம் தெரியாமல் சிலர் வேலியோடு குந்தியிருந்தார்கள். றிஸ்பாவைக் கண்டதும் எல்லாரும் எழும்பினார்கள்.

"அக்கா, திருப்பிக் கூப்பிடுகினமோ?" என்று ஓடி வந்தாள் லக்சிகா. காலையில் பொக்கற் தைத்து முடிக்கவா என்று கேட்டவள் அவள்தான். எல்லா முகங்களிலும் அந்த ஒரு நிமிடம் வெளிச்சம் வந்தது.

"இல்லை," என்றாள் றிஸ்பா. "என்னையும் நிப்பாட்டிப்போட்டாங்க."

ஒருத்தி சிரித்தாள். "நடிக்காதேங்கோ மிஸ். எங்களைச் சமாதானப்படுத்தவோ அனுப்பினவங்கள்?"

"அல்லாஹ் மேல சத்தியமா."

"எப்ப தெரியும் உங்களுக்கு? எங்கட விசயம் எப்ப தெரியும்?" என்று இன்னொருத்தி கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். காலையில்தான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்குள் எதையும் யோசித்து எடுக்க ஒன்றும் மிச்சமில்லை. "வெள்ளிக்கிழமை," என்றாள்.

பத்மாசனி வேலியோரத்தில் நின்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தருமபுரம் பக்கமாக நடக்கத் தொடங்கினாள். வெயிலில் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்று ஒருத்தி பின்னால் கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை.

றிஸ்பாவின் கணவன் ஹலீம் நாயாற்றில் விடியற்காலையில் மீன் எடுத்து, மோட்டார்சைக்கிளில் பெட்டி கட்டி உள்ளூர்களில் விற்கிறவன். அன்று அவன் வீட்டுக்கு வந்தபோது றிஸ்பா குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றாள். அடுப்பு எரியவில்லை. பானைக்குள் அரிசியும் தண்ணீரும் அப்படியே இருந்தன.

விசயத்தைக் கேட்டதும் அவன் நம்பவில்லை. "உன்னையா? நீ இல்லாம அந்த மனிசனுக்கு ஒரு சொல்லும் விளங்காதே!"

"விளங்காதுதான்."

"பிறகு?"

"பிறகு ஒண்டுமில்ல."

உம்மா ஜொஹறா வந்து தலையைத் தடவினாள். "அல்லாஹ் பாத்துக்கொள்ளுவான் மகள், அழுதுடு," என்றாள். றிஸ்பாவுக்கு அழுகை வரவில்லை. அடுத்தடுத்த நாட்களும் வரவில்லை. காலையில் அதே நேரத்துக்கு விழிப்பு வந்தது. யாராவது பேசினால் அவளுடைய தலைக்குள் அது சிங்களத்தில் மாறியது. உம்மா உப்புக் கேட்டால் கூட மாறியது. ஒரு முறை, அவர்களுடைய சின்னப் பிள்ளை தண்ணீர் கேட்டதை அவள் சுவரைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னதை ஹலீம் கேட்டுவிட்டான். அவன் எழும்பிப் பிள்ளைக்குத் தண்ணீரை வார்த்துக் கொடுத்தான்.

லக்சிகாவுக்கும் மற்றவர்களுக்கும் போன் எடுத்துப் பார்த்தாள். ஒருவரும் தூக்கவில்லை.

அடுத்த கிழமை ஒரு மத்தியானம் நிமேஷ் சேர் அழைத்தார்.

"எப்படி நங்கி, சுகமா?" அதே மென்மையான குரல். ஒரு கணம் அவள், தவறு நடந்துவிட்டது, திரும்பி வரச் சொல்லப்போகிறார் என்று நினைத்தாள்.

"உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது," என்றார். "மாதக் கடைசியில் இன்னொரு தொகுதியை நிறுத்தவேண்டி இருக்கிறது. இந்த முறை கொஞ்சம் கூடுதலான ஆட்கள். உங்களைப் போல நன்றாகச் சொல்ல இங்கே ஒருவரும் இல்லை. சில நாட்கள் வந்து உதவி செய்யுங்கள். எல்லாம் அமைதியாக முடிந்தால், உங்களைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கொழும்போடு நானே பேசுகிறேன். ஆனால் அதுவரை யாருக்கும்..."

"தெரியும், சேர்."

"யோசித்து நாளைக்குச் சொல்லுங்கள்."

போனை வைத்த பிறகும் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போனதை விட இது அவளை அதிகமாக உலுக்கியது. அவருடைய குரலில் கூச்சம் இல்லை. அவமதிக்கவேண்டும் என்ற எண்ணமும் இல்லை. கத்தரிக்கோலை இன்னொரு முறை எடுத்துப் பாவிப்பது போலத்தான் அது அவருக்கு இருந்தது.

ஹலீமிடம் சொன்னாள். அவன் நெடுநேரம் மீன்பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"நீ போகாட்டியும் வேற ஆரையாவது பிடிப்பாங்க," என்றான் கடைசியில். "வேலை போற சனத்துக்கு எப்பிடியும் போகும். நீ போனா எங்களுக்குத் திரும்ப ஒரு வழி வரும். நான் வற்புறுத்தேல்ல. உண்மையைச் சொல்றன்."

அவன் சொன்னதில் பிழை இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் எல்லாம் சரியாகத் தெரிந்தது.

"நாளைக்கு என்னை வட்டக்கச்சிக்குக் கூட்டிக்கொண்டு போங்க," என்றாள்.

"எதுக்கு?"

"தெரியேல்ல. கூட்டிக்கொண்டு போங்க."

காலபோக அறுவடை முடிகிற காலம். வட்டக்கச்சி வீதியில் ஒரு பக்கம் முழுவதும் நெல் காயப்போட்டிருந்தது. வாகனங்கள் மறுபக்கத்தால் மெதுவாகப் போயின. பத்மாசனி தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். மீன்வாசத்தோடு மோட்டார்சைக்கிள் வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள். வாங்கோ என்று சொல்லவில்லை. திரும்பவும் நெல்லைக் கிளறத் தொடங்கினாள். ஹலீம் மோட்டார்சைக்கிளை உருட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றான்.

"பத்மாக்கா."

"உமக்குச் சனிக்கிழமை தெரியும், என்ன?"

"ஓம்."

"நான் கந்தோர் வாசல்ல நிண்டு கேக்கேக்க தெரியும்."

"ஆரார் எண்டு தெரியாது, அக்கா. ஆனா நிப்பாட்டப்போறது தெரியும்."

பத்மாசனியின் கால் நெல்லுக்குள் நின்றது. "ஞாயிற்றுக்கிழமை நான் மச்சாளுக்குப் போன் அடிச்சு வேண்டாமெண்டு சொன்னனான். இவர் கேட்டார், ஏன் வேண்டாமெண்டுறாய் எண்டு. நான் என்ன சொன்னனான் தெரியுமோ? ஏதும் நடக்கிறதெண்டால் றிஸ்பா சொல்லியிருப்பா எண்டு சொன்னனான். அவா எனக்குச் சொல்லாமல் விடமாட்டா எண்டு சொன்னனான்." அவளுடைய குரல் உயரவில்லை. "அந்த வேலை இப்ப வேற ஆளுக்குப் போட்டுது. அதுகூடப் பரவாயில்லை. இவருக்கு முன்னால எனக்கு முகமில்லாமல் போச்சு."

றிஸ்பா நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்று நினைத்திருந்தாள். அந்தச் சொல் இந்த இடத்தில் மிகச் சின்னதாக இருந்தது. அதனால் வந்த விசயத்தைச் சொன்னாள்.

"இன்னொரு தொகுதியை நிப்பாட்டப் போறாங்க, அக்கா. மாதக் கடைசியில. இந்த முறை கூட ஆக்கள். வந்து தமிழில சொல்லித் தரச்சொல்லி நிமேஷ் சேர் என்னைக் கேட்டார்."

பத்மாசனி திடுக்கிட்டு அவளைப் பார்த்தாள். "இன்னும் ஆக்களையோ? அண்டைக்கு மற்றப் பிள்ளையளுக்குச் சொன்னவைதானே, மிச்ச ஆக்களைக் காப்பாத்தத்தான் எங்களை நிப்பாட்டினம் எண்டு. நீர்தானே சொன்னனீர்!"

"அவர் சொன்னதைச் சொன்னன்."

"நீர் போகப்போறீரோ?"

இதுவரை றிஸ்பாவுக்கே தெரியாது. பத்மாசனி கேட்டபோதுதான் தெரிந்தது. "இல்லை. ஆனா நான் போகாட்டி மட்டும் காணாது. உள்ளுக்கு இருக்கிற பிள்ளையளுக்கு இப்பவே தெரியவேணும். என்ர போனை ஒருத்தரும் தூக்கினமில்லை. நான் சொன்னா நம்பவும் மாட்டினம். நீங்கள் சொன்னா நம்புவினம்."

ஒரு லொறி வந்தது. இருவரும் நெல்லோரமாக ஒதுங்கினார்கள். பிறகு பத்மாசனி வீட்டு வளவுப் பக்கம் திரும்பி, "இஞ்சேருங்கோ, என்ர போனைக் கொண்டு வாங்கோ," என்று கணவனைக் கூப்பிட்டாள். கணபதி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து போனைக் கொடுத்தார்.

காமன்றில் அது மத்தியானச் சாப்பாட்டு நேரம். பத்மாசனி அழைத்தது யதுர்ஷிகாவை. ஒரு லைனுக்குப் பொறுப்பாக இருக்கிறவள், பயமில்லாதவள். பத்மாசனி சுருக்கமாகச் சொன்னாள். யதுர்ஷிகாவின் குரல் வெளியே கேட்கும் அளவுக்கு வந்தது.

"ஆர் சொன்னது அக்கா?"

"றிஸ்பா."

"அவாவோ? அவாவை நம்பலாமோ?"

பத்மாசனி றிஸ்பாவை ஏறிட்டுப் பார்த்தாள். வெயில் அவளுடைய முகத்தில் நேராக அடித்தது. "நம்பலாம்," என்றாள். பிறகு, "இந்த முறை நம்பலாம்," என்றாள்.

போனை வைத்ததும் அவள் திரும்ப நெல்லுக்குள் இறங்கினாள். தண்ணீர் வேண்டுமா என்று கணபதிதான் கேட்டார். றிஸ்பா வாங்கிக் குடித்துவிட்டு மோட்டார்சைக்கிளில் ஏறினாள்.

மறுநாள் காலையில் காமன்றில் மணி அடித்தது. ஒரு மெஷினும் ஓடவில்லை. பெண்கள் எல்லாரும் தங்கள் தங்கள் இடத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். சத்தம் போடவில்லை, கூட்டமும் கூடவில்லை. லைன் மேற்பார்வையாளர்கள் ஓடித் திரிந்தார்கள். நிமேஷ் சேர் கீழே இறங்கி வந்தார். என்ன பிரச்சினை என்று சிங்களத்தில் கேட்டார். யதுர்ஷிகா எழும்பித் தமிழில் சொன்னாள். இருவருக்கும் நடுவில் ஒருவரும் இல்லை. மெஷின் திருத்துகிற யோகலிங்கத்துக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும் என்று அவனைப் பிடித்து முன்னால் விட்டார்கள். அவன் யதுர்ஷிகா சொன்னதை மெருகு ஒன்றும் போடாமல் அப்படியே சொன்னான்: இன்னும் ஆக்களை நிப்பாட்டப் போறீங்களாம், களவா வைச்சிருக்கிறீங்களாம், உண்மையோ பொய்யோ?

நிமேஷ் சேரின் முகம் வெளுத்துவிட்டதாம். இல்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை.

அன்று பின்னேரம் அவர் றிஸ்பாவை அழைத்தார். அவள் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்களா?" என்றார். நங்கி என்று சொல்லவில்லை.

"ஓம், சேர்." அவளை அறியாமல் தமிழில் வந்தது. பிறகு சிங்களத்தில் சொன்னாள். "நான்தான். வேறு ஒருவரையும் கேட்காதீர்கள்."

"இனி உங்களுக்கு இங்கே எப்போதும் இடம் இல்லை. தெரியுந்தானே? வேறு இடங்களிலும் என்னிடம் விசாரித்தால் நான் என்ன சொல்வது?"

"நடந்ததைச் சொல்லுங்கள், சேர்."

அவர் துண்டித்துவிட்டார். றிஸ்பா போனை வாளிக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். ஒரு கிழமைக்கு மேலாக வராத அழுகை வந்தது. அது எங்கிருந்து வருகிறது, எப்போது நிற்கும் என்று ஒன்றும் தெரியவில்லை. உம்மா ஓடி வந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்துகொண்டாள்.

கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தொழில் திணைக்களத்திலிருந்தும் ஒருவர் வந்து விசாரித்தார். நிற்பாட்டுவது நிற்கவில்லை. ஓடர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் யாரார் என்பதை ஒரு மாதம் முந்தியே வெளிப்படையாகச் சொல்லவேண்டும், அந்த மாதத்தில் வேறு வேலை தேடிப் போகிற பிள்ளைகளை மறிக்கக் கூடாது என்று முடிவானது. சொன்ன பெயர்களில் யதுர்ஷிகாவின் பெயரும் இருந்தது.

றிஸ்பாவுக்கு வேலை கிடைக்க நாளெடுத்தது. முல்லைத்தீவு நீதிமன்றத்துக்கு முன்னால் ஒரு போட்டோப்பிரதிக் கடையில், சிங்களத்தில் வந்த கடிதங்களைச் சனங்களுக்கு வாசித்துச் சொல்லவும், பதில் எழுதிக் கொடுக்கவும் ஒரு மேசை கிடைத்தது. முந்தின சம்பளத்தில் பாதி கூட வராது. சில நாள் ஒருவரும் வராமலும் போகும். ஆனால் வருகிறவர்களுக்கு, எழுத்தில் எவ்வளவு கொடுமையாக இருந்தாலும், அதை அப்படியே சொல்லிவிட்டு, பிறகு அவர்கள் மூச்சு விடுகிற வரைக்கும் காத்திருக்க அவள் பழகிக்கொண்டாள்.

ஒரு நாள் யதுர்ஷிகா அந்தக் கடைக்கு வந்தாள். வவுனியாவில் ஒரு புடவைக்கடையில் சேர்ந்திருந்தாள். லீவுக்கு வந்த இடத்தில் ஏதோ பிரதி எடுக்க வந்தவள், றிஸ்பாவைக் கண்டு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். இருவரும் பிளேன்ரீ குடித்தார்கள்.

"கடைசி நாள் எப்பிடி இருந்தது?" என்று றிஸ்பா கேட்டாள்.

"நிமேஷ் சேர் தானே நிண்டு தமிழில சொன்னவர், அக்கா. ஆரோ தமிழைச் சிங்கள எழுத்தில எழுதிக் குடுத்திருக்கினம். பாதிப் பேரின்ர பேர் பிழை. யோகலிங்கம் அண்ணை பின்னால நிண்டு திருத்திக்கொண்டே இருந்தவர்." அவள் சிரித்தாள். "ஒருத்தரும் அழேல்லை. முதலே வீட்டில அழுது முடிச்சிட்டம். அரைவாசிப் பேர் அதுக்குள்ள வேற இடம் பாத்திட்டினம். லக்சிகா இப்ப பரந்தனில ஒரு பேக்கரியில நிக்கிறாள், தெரியுமோ?"

"பத்மாக்கா?"

"வீட்டில மெஷின் போட்டிருக்கிறா. பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிறா."

றிஸ்பா கோப்பையைக் கீழே வைத்தாள். "என்னைப் பற்றி ஏதும் கேட்டவாவோ?"

யதுர்ஷிகா யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத முகம் அவளுடையது. "இல்லை அக்கா," என்றாள். "கேக்கேல்லை."

றிஸ்பா தலையாட்டினாள். வாசலில் ஒரு வயதான மனிசன் நீளமான கடித உறையோடு தயங்கி நின்றார். "வாங்க, உள்ளுக்கு வந்து இருங்க," என்று அவரைக் கூப்பிட்டாள். யதுர்ஷிகா எழும்பித் தன் கதிரையை அவருக்கு விட்டுக் கொடுத்தாள்.